ஒருத்தர் வரலாம்

ட்ரம்கோராவின் பூகோளத்தைச் சொல்லி முடிக்க அதிக நேரம் பிடிக்காது. வடக்கே சதுப்பு. தெற்கேயும் சதுப்புதான், ஆனால் அது வேறு குடும்பத்துக்குச் சொந்தம். கிழக்கே ஒரு மேடு இருக்கிறது. அதை மலை என்று சொன்னால்தான் ஊர்க்காரர்கள் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவார்கள். மேற்கே ஓவன்பெக் ஆறு, அதன் மேல் ஒரு பழைய கல்பாலம்; ஊருக்குள் வண்டி வர அது ஒன்றுதான் வழி. பாலத்தின் நடுவோடு நம்முடைய கவுண்டி, அதாவது மாவட்டம், முடிந்துபோகும். மறுபாதிப் பாலமும் அதற்கு அந்தண்டை இருக்கிற பூமியும் அக்கரைக் கவுண்டியைச் சேர்ந்தவை. அவர்களுடைய கால்பந்துச் சட்டை பச்சை, நம்முடையது நீலம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது மற்ற ஊர்களில் பழமொழி. ட்ரம்கோராவில் அது வசவு.

மக்கள்தொகை விவரம் அதைவிடச் சுலபம். நூற்றெழுபது வருஷமாக அது குறைந்துகொண்டே வந்தது. பஞ்சத்தில் குறைந்தது, கப்பலில் குறைந்தது, பிற்பாடு விமானத்தில் குறைந்தது. தேர்தலுக்குத் தேர்தல் யாராவது ஒரு பெரிய மனிதர் சந்தைத் திடலில் ஏறி நின்று, இந்த மண்ணின் பிள்ளைகள் திரும்பி வரும் நாள் தூரத்தில் இல்லை என்று கண்கலங்குவார். ஊரும் கைதட்டும். கைதட்டிவிட்டு மறுநாள் காலையில் பிள்ளைகளை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்.

அப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஊரில் ஒரு குளிர்காலத்தில் பெரும்புயல் அடித்தது. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, டி.வி. இல்லை, செய்வதற்கு வேறு வேலையும் இல்லை. இலையுதிர் காலம் வந்தபோது ட்ரம்கோராவில் பதினோரு குழந்தைகள் பிறந்திருந்தன. பாதிரியார் ஞானஸ்நானத் தொட்டியை இரண்டு முறை நிரப்ப வேண்டியிருந்தது. ஊர் முழுக்கக் கொண்டாட்டம். கவுண்டி மன்றம் மட்டும் அவசரக் கூட்டம் கூட்டியது. ஏனென்றால் மன்றத்தின் வளர்ச்சித் திட்டப்படி, அடுத்த பத்து வருஷத்தில் ட்ரம்கோரா மொத்தம் பன்னிரண்டு பேர் மட்டுமே வளரலாம்.

இந்தக் கணக்கு எதுவும் மலக்கி டூயிக்குத் தெரியாது. மலக்கி பால் லாரி ஓட்டுபவன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை எடுத்து, பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் பால் தொழிற்சாலையில் ஊற்றிவிட்டு வருவான். மெயின் ரோட்டில் ஆணிக்கடை மாடியில் பிறந்து வளர்ந்தவன். ஊர் அணிக்கு எட்டு வருஷம் கோல்கீப்பராக நின்று, அக்கரைக்காரன் உதைத்த பந்தில் இரண்டு பல்லைத் தானம் கொடுத்தவன். வாடகை ஏறியதால் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் பண்ணை முற்றத்தில் ஒரு கேரவனில் குடியிருந்தான். பண்ணை, ஊர் எல்லைக்கு ஒரே ஒரு வயல் வெளியே. மழை பெய்தால் தகரக் கூரையின் கீழே பேச முடியாது. அந்த ஊரில் மழை பெய்யாத நாளைக் குழந்தைகளுக்குக் கதையாகத்தான் சொல்ல முடியும்; ஆகவே மலக்கியும் அவன் மனைவி கிரான்யாவும் பெரும்பாலும் சைகையில் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

கிரான்யா அக்கரைப் பெண். அவளுக்கு இப்போது மூன்று மாதம். குழந்தை அக்டோபரில் வரும், அதற்குள் நாலு சுவரும் ஒழுகாத கூரையும் வேண்டும் என்பது மட்டுமே அவர்களுடைய ஆசை. அண்ணன் ஊர் எல்லைக்குள் ஆற்றை ஒட்டி ஆலைச் சந்தோரம் இருந்த ஒரு துண்டு வயலைக் கொடுத்தான். கடனுக்கு வங்கி தலையாட்டியது. மன்றத்தின் அனுமதி மட்டும்தான் பாக்கி. அது சும்மா ஒரு முத்திரை என்று மலக்கி நினைத்தான், பாவம்.

மன்றத்தின் மக்கள்தொகைத் திட்டப் பிரிவுக்குத் தலைவர் ஃபின்டன் லவெல் என்பவர். மெலிந்த, மரியாதையான மனிதர். அவர் மேஜைக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கவுண்டியின் வரைபடம். அதில் ட்ரம்கோரா ஒரு மிளகு அளவுக்கு இருந்தது, அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வேலி போட்டிருந்தார்கள்.

"மிஸ்டர் டூயி, உங்க மனு ரொம்ப அருமையான மனு," என்றார் லவெல். "வீட்டுப் படமும் பாத்தேன். அந்தச் சமையலறை ஜன்னலப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு. ஒரே ஒரு சிக்கல். நீங்க வந்தா ஊர் வளந்துடும்."

"வளரட்டுமே சார். நூத்தெழுபது வருஷமா வளரவே இல்லியே."

"அதனாலதான் பயமா இருக்கு. பழக்கமே இல்லாத ஊரு. திடீர்னு வளந்தா உடம்பு தாங்குமா?"

தான் அந்த ஊரிலேயே பிறந்தவன் என்று மலக்கி எடுத்துச் சொன்னான். லவெல் அதை மறுக்கவில்லை. பிறந்தது பழைய கணக்கு என்றும், அவன் கேரவனுக்குக் குடிபோன அன்றைக்கே ஊரில் ஒருவர் குறைந்துவிட்டதென்றும், அதற்கு மன்றம் வருத்தம் தெரிவித்து அறிக்கையே வெளியிட்டது என்றும் சொன்னார். பன்னிரண்டில் பதினொன்றைப் புயல் குழந்தைகள் எடுத்துக்கொண்டன. மீதி இருப்பது ஒன்று.

"நீங்க மூணு பேர்," என்றார்.

"ரெண்டு பேர்தான்," என்றாள் கிரான்யா.

லவெல் அவள் வயிற்றை மிகுந்த மரியாதையோடு பார்த்தார். "மேடம், திட்டமிடல்னா வரப்போறவங்களை எண்ணறது. வந்தவங்களை எண்ணறதுக்கு நாங்க எதுக்கு? அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களே செஞ்சுடும். ஆனா மன்றம் ஈவிரக்கம் இல்லாதது இல்ல. ஒருத்தர் வரலாம்."

"ஒருத்தர்னா யாரு?" என்று மலக்கி கேட்டான்.

"அது உங்க குடும்ப விவகாரம். மன்றம் அதுல தலையிடாது."

என் அப்பன் பாட்டனெல்லாம் அந்த ஊர்க் கல்லறையில்தான் கிடக்கிறார்கள், எனக்கும் அங்கே இடம் இருக்கிறது என்று மலக்கி ஏதோ உளறினான். லவெலின் முகம் மலர்ந்துபோயிற்று. கல்லறை வேறு பிரிவு, அங்கே மூன்று பேருமே தாராளமாக வரலாம் என்றார். அங்கே இலக்குக்கு ரொம்பக் கீழே இருக்கிறோம் என்றும் வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கரைக் கவுண்டியில் நிலைமை நேர்மாறு என்றார். அங்கே ஆயிரக்கணக்கில் இலக்கு வைத்துவிட்டு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்களாம், வீடு கட்ட வருகிறவனுக்குப் பணமும் கொடுக்கிறார்களாம். "சொன்னா என்ன, நானே அங்கதான் இருக்கேன். இந்தப் பக்கம் எனக்கு யாரு அனுமதி குடுப்பா?"

திரும்பி வரும் வழியில் பாலத்துக்கு வந்ததும் கிரான்யா ஆரம்பித்தாள். "பேசாம எங்க ஊருக்குப் போயிடலாம் மலக்கி. பணமும் தர்றாங்க, வீடும் தர்றாங்க."

"பணம் தருவான். அப்புறம் எம் புள்ளைக்குப் பச்சைச் சட்டையும் மாட்டி விடுவான்."

"என்னக் கட்டும்போது தெரியலியா எம் மேல பச்சை ஒட்டியிருக்குன்னு?"

"உன் மேல பரவால்ல. உனக்குப் பந்து வெளையாடத் தெரியாது."

"எங்க ஆளுங்களுக்குத் தெரியும். உன் ரெண்டு பல்லு எங்க போச்சுன்னு கண்ணாடியில பாரு," என்றாள் கிரான்யா. மலக்கி வாயை மூடிக்கொண்டான். பல் இல்லாத இடம் தெரியக்கூடாது என்பதும் ஒரு காரணம்.

அடுத்து அவன் பார்க்கப் போனது கவுன்சிலர் பாட்சி கேவனியை. கேவனி அரசியலுக்கு வந்த நாளிலிருந்து கவுண்டியில் ஒரு சாவையும் தவறவிட்டவர் அல்லர். செத்தவரைத் தெரியாவிட்டாலும் வரிசையில் நின்று, குடும்பத்தார் கையைக் குலுக்கி, உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன் என்று சொல்லி வோட்டை உறுதி செய்துகொண்டு வருவார். அவர் மலக்கி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் தோளில் கை வைத்தார். "ஒரு சாவு விழுந்தா ஒரு எடம் காலியாகும். உனக்கு ரெண்டு வேணும். ரேடியோவக் கேட்டுக்கிட்டே இரு, தம்பி. மன்றத்துல நடக்க வேண்டியத நான் பாத்துக்கறேன்."

எங்கள் பக்கத்து ரேடியோவில் காலைச் செய்தி முடிந்ததும் மரண அறிவிப்பு வாசிப்பார்கள். அந்த நேரத்தில் மாடுகூட அசைபோடுவதை நிறுத்திக்கொள்ளும். மலக்கியும் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்தவன்தான், தெரிந்த பெயர் வந்தால் சிலுவை போட்டுக்கொள்வான். இப்போது சிலுவை போடுகிற கை அப்படியே நிற்க, 'ட்ரம்கோரா' என்ற சொல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு லாரி ஓட்டினான். பக்கத்து ஊரில் ஒருவர் போனால் ஏமாற்றமாக இருந்தது. அப்படி ஏமாற்றமடைவதை நினைத்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மறுநாள் காலையில் ரேடியோவைப் போட்டான்.

ஊரில் காத்திருந்தது இவன் மட்டுமல்ல. இன்னும் இரண்டு குடும்பங்கள் இதே இலக்குக்கு வெளியே நின்றுகொண்டிருந்தன. மூன்று குடும்பத்தின் பார்வையும் மெயின் ரோட்டு ஓரத்துப் பச்சைக் கதவு வீட்டின் மேல் விழுந்தது. பச்சை என்றால் பெயின்ட் மலிவாகக் கிடைத்தது என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை. அந்த வீட்டில் மாஸி ஹான்ரட்டி என்ற தொண்ணூற்று நாலு வயதுக் கிழவர் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகாதவர். கூடப் பிறந்த பத்துப் பேரும் பாஸ்டனுக்குக் கப்பலேறிப் போய் அங்கேயே மண்ணாகிவிட்டார்கள். வருஷம் முழுக்க யாரும் எட்டிப் பார்க்காத அந்த வீட்டில் திடீரென்று உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வெறுங்கையோடு கேட்பது அழகில்லை என்பதால் கேக்கோடு வந்தார்கள்.

மலக்கியும் ஒரு நாள் கிரான்யா சுட்ட திராட்சை ரொட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

"உள்ள வாடா," என்றார் மாஸி. "இன்னைக்கு நீ மூணாவது ஆளு. ரொட்டிய அங்க வை, மேஜையில எடம் இல்ல, நாற்காலியில வை."

"உடம்பு எப்படி இருக்கு பெரியப்பா?"

"அதைத்தான் எல்லாரும் கேக்கறீங்க. ஈஸ்டருக்கு முன்னாடி நெசமாவே போற மாதிரிதான் இருந்துச்சு. பாதிரியார் வந்து, சாகப்போறவனுக்குப் பூசற எண்ணெயக்கூடப் பூசிட்டாரு. அப்புறம் நீங்க எல்லாரும் கேக்கத் தூக்கிட்டு வர ஆரம்பிச்சீங்க. இவ்வளவு வெண்ணெயத் தின்னுட்டு ஒருத்தன் எப்படிடா சாவான்?"

மலக்கிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ரேடியோ கேட்பதையும், 'ட்ரம்கோரா' வருகிறதா என்று காத்திருப்பதையும், லவெல் ஒருத்தர் வரலாம் என்று சொன்னதையும் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தான். பல் இல்லாத இடம் தெரியத் தெரிய அழுதான். கிழவர் கோபப்படுவார் என்று பார்த்தால், மூச்சுத் திணறும் வரைக்கும் சிரித்தார். அப்போது அவர் செத்துப்போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. மலக்கி பதறிப்போய் முதுகைத் தடவிவிட்டான். கிழவர் பிழைத்துக்கொண்டதும் அவனுக்கு வந்த நிம்மதி மெய்யானது.

ஜூலையில் மன்றம் ஊர்க்கூட்டம் போட்டது. தேவாலயக் கூடம் நிரம்பி வழிந்தது. லவெல் மேடையில் நின்று, பின்னால் திரையில் அம்புக்குறிகள் மேலும் கீழும் ஓட, மனம் விட்டுப் பேசினார்.

"வளர்ச்சி வேணாம்னு மன்றம் ஒருநாளும் சொன்னதில்ல. வளர்ச்சி வேணும். ஆனா அது ஆள் இல்லாம வரணும். உங்க முன்னோர்களப் பாருங்க. நூத்தெழுபது வருஷம், யாரும் கேக்காமலே, கட்டுப்பாடா, அமைதியா, குடும்பம் குடும்பமா குறைஞ்சு குடுத்தாங்க. அந்தக் காலத்துல ஒரு மன்றம் இருந்துச்சா? ஒரு திட்டம் இருந்துச்சா? தானா போனாங்க. அந்தப் பண்பாடு எங்க போச்சுன்னு கேக்கறேன். இன்னைக்கும் யாராவது ஒருத்தர், ரெண்டு பேர், பெரிய மனசு பண்ணி முன்வந்தா, மன்றம் பூச்செண்டு குடுக்கும்."

யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்போது பின்வரிசையில் மாஸி ஹான்ரட்டி தடியை ஊன்றி எழுந்தார்.

"நான் போறேன். ஆனா எனக்கு அமெரிக்க இழவு வைக்கணும்."

பழைய நாளில் அமெரிக்காவுக்குப் போகிறவன் திரும்பி வரமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கப்பலுக்குக் கிளம்பும் முந்தின நாள் அவனை உயிரோடு உட்கார வைத்து, பிணத்துக்கு விழித்திருப்பதுபோல் ஊரே விழித்திருக்கும். குடிப்பார்கள், ஆடுவார்கள், விடிந்ததும் அழுவார்கள். அந்தப் பச்சைக் கதவு வீட்டில் பத்து முறை அப்படி நடந்திருந்தது. "பத்துத் தடவையும் நாற்காலி தூக்கிப் போட்டவன் நான்," என்றார் மாஸி. "எனக்கு ஒண்ணுகூட நடக்கல. செத்தப்புறம் நடந்தா எனக்கு என்ன பிரயோசனம்? எம் பேருல என்ன பேசறீங்கன்னு நான் உக்காந்து கேக்கணும்."

எங்கே போவதாக உத்தேசம், பாஸ்டனுக்கா என்று கேவனி கேட்டார். பாஸ்டன் ரொம்பத் தூரம், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற முதியோர் இல்லத்துக்குப் போகிறேன் என்றார் மாஸி. கூடமே அதிர்ந்தது. பாஸ்டனுக்குப் போயிருந்தால் மன்னித்திருப்பார்கள்.

வெளியே வந்ததும் மலக்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காகப் போக வேண்டாம் என்று கெஞ்சினான். மாஸி சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்து மூடினார். "உனக்காகன்னு யாரு சொன்னா? எனக்கு அந்தக் கேக்கெல்லாம் சலிச்சுப்போச்சு. வீடு சும்மா கெடக்கக்கூடாது, அவ்வளவுதான். புள்ள பொறக்கறதுக்குள்ள புகைபோக்கியச் சுத்தம் பண்ணு."

கிழவர் போனால் ஒரு இடம். ஏற்கனவே மீதி ஒன்று. மூன்றாவதற்கு என்ன செய்வது என்று கிரான்யா கேட்டாள். மலக்கி அதற்குள் எப்படியும் ரேடியோவில் ஒன்று வரும் என்று சொல்லப்போய், பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாஸி போவதை மன்றம் முறைப்படி நிரூபித்தாக வேண்டும். அதற்காகப் பாலத்தின் நம் பக்க முனையில் ஆட்களை எண்ணும் ஒரு கருவியைக் கம்பத்தில் நட்டார்கள். லவெல் நேரில் வந்து திறந்து வைத்தார். அது உள்ளே வருகிறவர்களை மட்டும் எண்ணும் என்று விளக்கினார்.

"அப்ப வெளிய போறவங்கள?" என்று மலக்கி கேட்டான்.

"நடுப்பாலம் தாண்டினா அவங்க அக்கரைக் கவுண்டி ஆளு. அக்கரை ஆளை எண்ண நமக்குச் சட்டத்துல அதிகாரம் கிடையாது, மிஸ்டர் டூயி."

"மாஸி பெரியப்பா வெளியதான் சார் போறாரு."

"அதுக்குத்தான் தனியா ஒரு அலுவலர நியமிச்சிருக்கோம். அவரு கண்ணால பாத்து எழுதுவாரு."

ஆகஸ்டில் நடந்த அந்த இழவைப் போல் ஒரு இழவை எவரும் கண்டதில்லை. பாஸ்டனிலிருந்து அண்ணன் பிள்ளைகளும் அக்கா பேரன்களும் வந்து இறங்கினார்கள். போன வருஷம் பெர்த்துக்குப் போனவர்கள் வந்தார்கள். உயிரோடு இருக்கிற பிணத்தைப் பார்க்கவென்று கவுண்டி முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு வந்தது. பச்சைச் சட்டைக்காரர்கள்கூட, பீர் இலவசம் என்று கேள்விப்பட்டு, மேலே மழைக்கோட்டைப் போட்டு மறைத்துக்கொண்டு வந்தார்கள். மெயின் ரோடு முழுக்க ஃபிடில் சத்தம். கறுப்பு பீர் பீப்பாய் பீப்பாயாக உருண்டது. பன்றித்தொடை வைத்த சான்ட்விச்சை அடுக்கி அடுக்கிக் கிரான்யாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

மாஸி தன் சொந்தக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரிசையில் வந்தவர்கள் கையை ஒவ்வொன்றாகக் குலுக்கினார். கவுன்சிலர் கேவனிக்குப் பழக்கதோஷம். வரிசையில் வந்து மாஸியின் கையைப் பிடித்து, உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன் என்று சொல்லிவிட்டார்.

"நன்றி பாட்சி," என்றார் மாஸி. "தங்கமான மனுஷன் போயிட்டான்."

புறப்பாட்டைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டிய அலுவலர், சாயங்காலமே ஃபிடில்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பாடத் தொடங்கிவிட்டார். காலையில் அவரை சான்ட்விச் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். அதற்குள் பிணம் கிளம்பிப் போயிருந்தது.

மாஸியை ஏற்றிக்கொண்டு போனது மலக்கியின் பால் லாரி. நடுப்பாலத்தில் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை இறக்கி ஊரைத் திரும்பிப் பார்த்தார். தன் கடைசித் தங்கை டெலியா இதே பாலத்தில் போனபோது பதினேழு வயது என்றும், திரும்பிப் பார்த்தால் ஆகாது என்று அம்மா சொன்னதால் பார்க்காமலே போய்விட்டாள் என்றும் சொன்னார். "பாத்திருக்கலாம் அந்தப் பொண்ணு. பாத்துட்டுப் போயிருக்கலாம்," என்றார். மலக்கி அவசரமாகக் கியரை மாற்றினான்.

திங்கட்கிழமை மன்றம் கருவியைத் திறந்து பார்த்தது. ட்ரம்கோராவுக்குள் வந்தவர்கள் தொள்ளாயிரத்துச் சொச்சம். போனவர்கள் ஒருவரும் இல்லை. மாஸி ஹான்ரட்டி போனதற்கும் சாட்சி இல்லை. வெள்ளிக்கிழமை மிளகாக இருந்த ஊர் திங்கட்கிழமை வரைபடத்தில் நெல்லிக்காய் ஆகிவிட்டது.

இப்படி ஒரு தவறு நேர்ந்துவிட்டதே என்று மன்றம் வெட்கப்பட்டிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு மன்றத்தைத் தெரியாது. லவெல் ரேடியோவில் பேசினார். கவுண்டியிலேயே அதிவேகமாக வளரும் ஊர் ட்ரம்கோரா என்றும், இது மன்றத்தின் தொலைநோக்குக்குக் கிடைத்த பலன் என்றும், ஊருக்கான இலக்கு இனி பன்னிரண்டல்ல, நாலாயிரம் என்றும் அறிவித்தார். கருவி கம்பத்திலேயே நின்றது. மலக்கி பாலை ஊற்றிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அது 'கிளிக்' என்றது. செப்டம்பர் முடிவதற்குள் மலக்கி மட்டுமே ஒரு நல்ல குடும்பமாகப் பெருகியிருந்தான்.

இனி என்ன தடை என்று மலக்கி திரும்ப மனுவைத் தூக்கிக்கொண்டு போனான். லவெல் எழுந்து நின்று கை கொடுத்தார். பிறகு மனுவைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஒரே ஒரு வீடா? இவ்வளவு வேகமா வளர்ற ஊர்ல, ஆத்தோரமா, ஒரு வயல் முழுக்க ஒரே ஒரு வீடு? இது அநியாயம் இல்லியா மிஸ்டர் டூயி? குறைஞ்சது நாப்பத்தெட்டு வீடாவது கட்டணும்."

"எனக்கு ஒரு குடும்பம்தான சார் இருக்கு."

"முயற்சி பண்ணலாமே," என்றார் லவெல் கிரான்யாவைப் பார்த்து.

அவர்கள் மாஸியின் சாவியைப் போட்டுப் பச்சைக் கதவைத் திறந்து குடிபுகுந்தார்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஏற்கனவே தொள்ளாயிரம் பேர் குடியேறியிருக்கும் ஊரில் இன்னும் இரண்டு பேர் யார் கண்ணில் படப்போகிறார்கள்? கூரை ஒழுகவில்லை. முதல் மழையில் இருவரும் பழக்கம் விடாமல் சைகையில் பேசிக்கொண்டிருந்து, பிறகு நிறுத்திச் சிரித்தார்கள்.

ஒரு வாரம் கழித்து மலக்கி பால் தொழிற்சாலையிலிருந்து கிளம்பும்போது லாரிப் படியில் மாஸி உட்கார்ந்திருந்தார், மடியில் பெட்டியோடு. இல்லத்தில் கஞ்சியில் உப்பே போடுவதில்லை என்றார். அதையாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம், டி.வி.யில் ஆட்டம் வந்தபோது நாற்பது கிழவர்களும் எழுந்து நின்று பச்சைக்குக் கைதட்டியதைத்தான் தாங்க முடியவில்லையாம். பாலம் தாண்டும்போது கருவி இரண்டு முறை 'கிளிக்' என்றது. மன்றக் கணக்கில் மாஸி ஊரைவிட்டுப் போகவே இல்லை, ஆனால் ஒரு தடவை உள்ளே வந்திருக்கிறார். ஆகவே அவர் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கணப்பு ஓரத்தில் கட்டில் போட்டார்கள்.

அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. டெலியா என்று பெயர் வைத்தார்கள். கிழவர் அன்றைக்கு முழுக்கக் கணப்பில் கரி போட்டுக்கொண்டே இருந்தார், வீடு அடுப்புபோல் ஆகிவிட்டது. கிரான்யா குழந்தைக்கு ஒரு காலில் நீல உறையும் மறுகாலில் பச்சை உறையும் மாட்டினாள். மலக்கி பச்சைக் காலைப் பார்க்காததுபோல் இருந்தான். எப்போதாவது யாரும் பார்க்காதபோது அந்தக் காலுக்கும் முத்தம் கொடுத்தான்.

குளிர்காலத்தில் தலைநகரத்திலிருந்து சில பேர் வந்து கதவு கதவாகத் தட்டி ஆட்களை எண்ணினார்கள். கருவி இல்லாமல், விரலை விட்டு. ட்ரம்கோராவில் இருந்தது பழைய கூட்டம்தான், அதோடு மூன்று பேர் கூட. நாலாயிரம் இலக்கு வைத்த இடத்தில் மூன்று. பேப்பரில் மன்றத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மன்றம் மறுபடியும் அவசரக் கூட்டம் போட்டு, ஊரை நிரப்ப மன்றமே முன்னுதாரணமாக இருப்பதென்று முடிவு செய்தது. மக்கள்தொகைத் திட்டப் பிரிவின் தலைவர் மாத முடிவுக்குள் குடும்பத்தோடு ட்ரம்கோராவில் குடியேற வேண்டும், இல்லையென்றால் பதவி இல்லை. ஊரிலோ ஒரு வீடும் காலி இல்லை. புதிதாகக் கட்டுவதென்றால் நாற்பத்தெட்டாகத்தான் கட்ட வேண்டும்.

ஒரு மழை நாளில் பச்சைக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஃபின்டன் லவெல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொட்டச் சொட்ட நின்றார். தெருவில் அவருடைய கார். அதற்குள் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சாமான்களுக்கு நடுவே முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாடகை எவ்வளவு சொன்னாலும் சரி, தங்க ஒரு இடம் வேண்டும் என்றார். மன்றத்துக்காக, ஊருக்காக என்று ஆரம்பித்தவர் முடிவில் தனக்காக என்று சொன்னார். மலக்கிக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது, கதவை அகலத் திறக்கப் போனான். கிரான்யா குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"பின்னாடி ஒரு சின்ன ரூம் இருக்கு சார். ஒருத்தர் வரலாம்."

"நாங்க நாலு பேரு இருக்கோமே மேடம். யாரு வர்றது?"

"அது உங்க குடும்ப விவகாரம். நாங்க அதுல தலையிட மாட்டோம்."

கணப்பு ஓரத்தில் மாஸி சிரிக்கத் தொடங்கியிருந்தார். கிரான்யாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். லவெல் நாலு பேரும் வர்றோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கணமே கதவைத் திறந்துவிட்டிருப்பாள். டீக்கெட்டில்கூட அடுப்பில்தான் இருந்தது. ஆனால் லவெல் கதவைப் பார்க்கவில்லை. மழையில் நின்றபடி காரைத் திரும்பிப் பார்த்து, மனைவியையும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக நிதானமாக நோட்டம் விட்டு, யாரை அழைத்து வரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.